பன்னிரண்டில் ஒன்று

கதாபாத்திரம் ஒன்றைப் படைக்க உட்காருகிறவன் முதலில் அதற்குப் பெயர் தேடுகிறான். சர்க்கார் கச்சேரி அப்படியல்ல. ஆளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தேடும். அந்தக் கட்டங்களுக்கும் ஒரு கதை உண்டு.

1854-லேயே சென்னை ரெவினியூ போர்டு கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஜில்லா உத்தியோகங்கள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் பிதுரார்ஜிதமாகிவிடக் கூடாது. முக்கிய சாதியார் பலருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல யோசனைதான். ஆனால், நல்ல யோசனை தானாகவே நடந்துவிடுமா, என்ன?

1916 டிசம்பரில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, ஆவேசத்தோடு எண்களையும் துணைக்கு அழைத்தது. டிபுடி கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர்கள். ஜில்லா முன்சீபுகள் 128 பேரில் 93 பேர். மாகாணத்தின் ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆங்கிலப் படிப்பில் அவர்கள் முந்திக்கொண்டது உண்மை. பிறர் ஏன் பிந்தினார்கள் என்ற கேள்வியும் அதே அளவு உண்மை.

1921 செப்டம்பரில் நீதிக்கட்சி மந்திரிசபை முதல் வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. புதிதாக நியமித்தவர்களை வகுப்புவாரியாகப் பிரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பச் சொன்னது. பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், பிறர் - இவைதாம் கட்டங்கள். கவனித்தீர்களா? சேரியில் பிறந்தவனுக்கென்று ஒரு கட்டம் இல்லை! எல்லாரையும் எண்ணப் புறப்பட்டவர்கள், எண்ணப்படாமலே கிடந்தவனை மீண்டும் எண்ண மறந்தார்கள்.

சுப்பராயன் மந்திரிசபையில் எஸ். முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது, 1928-ல் முறை திருந்தியது. 12 இடங்கள் காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முகமதியர், கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகியோருக்கு இரண்டிரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பேராக இருந்தவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு எட்டுதான். ஆயினும், கட்டம் என்று ஒன்று பிறந்துவிட்டது. 1947-ல் இடங்கள் 14 ஆயின. ஹரிஜனங்களுக்கு 2 என்றாயிற்று. அந்த ஐந்துக்குள் கரைந்து கிடந்த பிற்பட்ட இந்துக்களும் அப்போதுதான் தனியே 2 இடங்கள் பெற்றார்கள்.

1951 ஏப்ரல் 9 அன்று முன்சீப் பதவி பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பங்கீட்டு முறை செல்லாது என்றது. ஆனால் ஹரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கிய இடங்களில் மட்டும் அது கைவைக்கவில்லை. கடைசியாக வந்து சேர்ந்த கட்டங்களே கடைசியில் நிலைத்தன!

கட்டம் என்பது காகிதத்தில் கிழித்த கோடுதான். அதற்குள் ஓர் இளைஞனின் மாதச் சம்பளம் இருக்கிறது. அவன் தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளமும் இருக்கிறது. எண்ணாமல் நியாயம் செய்ய முடியாது. ஆனால் எண்ணத் தொடங்குமுன், யாருக்குக் கட்டம் கிழிக்கவில்லை என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது நல்லது.