திருநாமமும் எழுத்து மரபும்

இறைவன் திருப்பெயரை நாவால் மொழிதற்கு நெறி வகுத்த சமயங்கள், அதனை எழுதுதற்கும் நெறி வகுத்தன. பிள்ளையார் சுழி இட்ட பின்னரே ஏட்டில் எழுத்தாணியை ஓட்டிய மரபினராகிய நமக்கு இது புதுமையன்று. எனினும், பிறநாட்டார் முறையோடு நம் முறையை ஒப்புநோக்குதல் பயன் தரும்.

யூதர் தம் இறைவனின் நான்கெழுத்துத் திருநாமத்தை வாய்விட்டு உரைத்தலைத் தவிர்த்தனர். அவர்தம் வேதம் கிரேக்க மொழியிற் பெயர்க்கப்பட்ட பின்னரும், பழைய படிகள் சிலவற்றில் அப்பெயர் மட்டும் எபிரேய எழுத்திலேயே நின்றது. சாக்கடலை அடுத்த பாலைநிலக் குகையொன்றிற் கிடைத்த கிரேக்கச் சுருளொன்றில், வரிகளினிடையே அந்நான்கெழுத்தும் தொன்மையான எபிரேய வடிவில் விளங்குகின்றன.

கிறித்தவ எழுத்தர் வேறொரு வழி கண்டனர். கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைப் பெரும்பாலும் முதலெழுத்தும் ஈற்றெழுத்துமாகக் குறுக்கி, மேலே ஒரு கோடிட்டனர். 4ஆம் நூற்றாண்டினதாகிய சினாய்ப் பிரதியில் இவ்வழக்கைத் தெளிவாகக் காணலாம். இடத்தை மிச்சப்படுத்துவதே நோக்கமாயின் நெடுஞ்சொற்கள் பிறவும் குறுகியிருத்தல் வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. ஆதலின் இதனைப் பக்தியின் அடையாளம் எனக் கொள்வதே பொருத்தமாகும். இலத்தீன் எழுத்தரும் இதனைப் பின்பற்றினர். கிறிஸ்துவின் பெயரைக் குறுக்கியபோது கிரேக்க எழுத்துக்களையும் கைவிடாது காத்தனர். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் திரௌபே 1907இல் வெளியான நூலில் இக்குறுக்கங்களை ‘திருப்பெயர்கள்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். இன்று பழைய பாப்பிரசுத் துண்டொன்று கிறித்தவருடையதா என அறிதற்கு இச்சிறு கோடே சிறந்த சான்றுகளுள் ஒன்றாக உள்ளது.

நம்மவர் பெயரைக் குறுக்கினாரல்லர், எழுத்தை மாற்றினர். சோழர் கல்வெட்டுக்களில் தமிழ் வாசகத்தின் முன் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் மங்கலமொழி கிரந்தத்திற் பொறிக்கப்பட்டது. நம் நாட்டுப் பொலநறுவையில், புத்தரின் தந்தக் கோயிலைக் காக்க உறுதிபூண்ட வேளைக்காரரின் கல்வெட்டிலும் தமிழும் கிரந்தமும் கலந்துள்ளன. வடசொல்லை அதற்குரிய எழுத்தால் எழுதும் பொது வழக்கும் இதற்குக் காரணமே. ஆயினும், நூலின் தலைப்பில் அது நிற்குமிடத்து வணக்கமும் உடன் நிற்கின்றது. எபிரேய எழுத்தைக் காத்த கிரேக்கச் சுருளுக்கு நம் கல்வெட்டுக்கள் இவ்வகையில் உறவினவாம்.

ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் சுழியையும், ‘சிவமயம்’ என்னும் தலைப்பையும், கிரந்த எழுத்தையும் பாடத்திற்குப் புறம்பானவை எனத் தள்ளிவிடுதல் எளிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அரிய ஏடுகள் பல அழிந்தன. எஞ்சியவற்றைப் படியெடுக்கும் மாணவர், கண்டதைக் கண்டவாறே எழுதுவாராக. எழுதியவன் எத்தெய்வத்தை வணங்கினான் என்பதை, அவன் பாடிய பாட்டினும் முன்னதாக அச்சிறு குறியே நமக்குக் கூறும்.