வாசகரை நாடிய வழிகள்: உதயதாரகை முதல் உலாவி அறிவித்தல் வரை

செய்தியை ஆக்குதல் ஒரு பணி; அச்செய்தியை ஏற்போர் கூட்டம் ஒன்றை ஆக்குதல் பிறிதொரு பணி. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு யானையின் பிடரியில் ஏற்றப்பட, இந்திர விழாவின் செய்தி புகார் நகரெங்கும் அறிவிக்கப்படுகின்றது. கேட்க விரும்பியோர், விரும்பாதோர் என்ற வேறுபாட்டை முரசு அறியாது. அங்கு கேட்போரின் இசைவு வேண்டப்படுவதில்லை. அச்சுப் பத்திரிகையின் வருகையோடு இந்நிலை மாறிற்று. பத்திரிகை விலை கொடுத்து வாங்கப்படுவது. வாங்குவோன் வேண்டாமெனவும் கூறலாம். எனவே பத்திரிகை நடத்தியோர் வாசகனின் இசைவைத் தேடிச் செல்ல வேண்டியவராயினர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்விசைவு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், இன்றைய இணையத்தளங்கள் வாசகரைப் பெருக்கக் கையாளும் ‘உலாவி அறிவித்தல்’ என்னும் முறைக்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியும் பத்திரிகையும்

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவப்பட்டது. மானிப்பாயில் அவர்களது அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834 ஆம் ஆண்டிலாகும். இலங்கையின் முதலாவது தமிழ்ப் பத்திரிகையாகக் கொள்ளப்படும் ‘உதயதாரகை’ 1841 ஜனவரி 7 ஆம் நாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் மேனாட்டுப் பெயரைச் சூடிய யாழ்ப்பாணத் தமிழரே. இவ்வாண்டுகளின் ஒழுங்கு ஈண்டு நோக்கற்பாலது. முதலில் பள்ளி, பின்னர் அச்சகம், அதன் பின்னரே பத்திரிகை. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஊர்ப் பள்ளிகள் எழுத்தறிவு புகட்டிய பின்னரே உதயதாரகை தனக்குரிய வாசகரைக் கண்டது.

இவ்வொழுங்கினைச் சைவ மறுமலர்ச்சி இயக்கத்திலும் காணலாம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் அச்சியந்திரம் வந்தது. முன்னர் வாய்மொழியாகக் கேட்டோரும் பள்ளியிற் பயின்றோருமே பின்னர் அவரது நூல்களை வாசிப்போராயினர். 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. மறு ஆண்டில் ‘இந்து சாதனம்’ வெளிவந்தது. கத்தோலிக்கர் 1876 இலேயே ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் வாசகன் என்போன் பெரும்பாலும் ஒரு பள்ளியையோ சபையையோ சேர்ந்தவனாகவே இருந்தான். அந்த உறவே பத்திரிகையை அவன் வீட்டுக்குள் இட்டுச் சென்றது. அவ்வுறவுக்குப் புறத்தே நின்றோருக்கு அப்பத்திரிகைகள் அந்நியமாகவே இருந்தன என்பதும் மறத்தலாகாது.

புகையிரதமும் அயலூரும்

1905 இல் யாழ்ப்பாணம் கொழும்போடு புகையிரதப் பாதையால் இணைக்கப்பட்டது. பின்னாளில் தோன்றிய வீரகேசரி (1930), தினகரன் (1932) ஆகிய கொழும்பு நாளிதழ்கள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வடக்கை அடைவதற்கு அப்பாதை துணைபுரிந்தது. பெருமூலதனமும் விரைந்த அச்சியந்திரங்களும் உடைய அவற்றோடு உள்ளூர் வெளியீடு எங்ஙனம் போட்டியிடுவது? இவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழாகும். சுன்னாகத்திலிருந்து வெளிவந்த அது, மாணவரும் இளைஞரும் எழுதப் பழகுவதற்கு இடமளித்தது. தன் பெயரை அச்சிற் கண்ட இளைஞன் அவ்விதழை அடுத்த வாரமும் எதிர்பார்த்திருப்பான். அவன் வீட்டாரும் அயலாரும் எதிர்பார்த்திருப்பர். வாசகனை எழுத்தாளனாக்கியதன் வாயிலாக ஈழகேசரி தன் வாசகர் வட்டத்தை விரித்தது எனலாம்.

ஈழகேசரி 1958 இல் நின்றது. 1959 இல் தோன்றிய ‘ஈழநாடு’ 1961 இல் நாளிதழாயிற்று. ஈழகேசரியின் ஆசிரியராயிருந்த இராஜ அரியரத்தினம் ஈழநாட்டிலும் ஆசிரியப் பணி ஆற்றினார். கொழும்புப் பத்திரிகை தர இயலாத ஒன்றை ஈழநாடு தந்தது. அது அயலூரின் செய்தி: கோயில் திருவிழா, பாடசாலை நிகழ்ச்சி, மரண அறிவித்தல். இவற்றை முதலில் அறியும் தேவையே வாசகனை நாள்தோறும் பத்திரிகையை நாடச் செய்தது. ஊர்தோறும் அமைந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இவ்வகையில் ஆற்றிய பங்கு பெரிது. அங்கு ஒரு பிரதியைப் பலர் வாசித்தனர். வாசிக்கத் தெரியாதோர் கேட்டனர். விற்பனைத் தொகையைக் கொண்டு மட்டும் வாசகரைக் கணக்கிட முயல்வோர் இவ்வுண்மையைத் தவறவிடுவர்.

1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட அதே நாள்களில், ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. எனினும் அப்பத்திரிகை மீண்டும் வெளிவந்தது. இயந்திரம் அழிந்த பின்னரும் வாசகர் அழியவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கைக்குக் கை

சிற்றிதழ்களின் நிலை வேறாகும். 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். நிறுவனப் பின்பலமற்ற அவ்விதழின் பிரதிகளை ஆசிரியரே கையிற் சுமந்து வாசகரிடம் கொண்டுசென்றமை இலக்கிய உலகம் நன்கறிந்த செய்தி. வாசகன் இதழைப் பெறும்போது ஆசிரியரின் முகத்தைக் கண்டான். இதழ் பற்றிய தன் கருத்தையும் உடன் கூறினான். இவ்வழியில் வாசகர் தொகை மெல்லவே வளரும். வளர்ந்தது எளிதில் உதிராது. மல்லிகை 2012 வரை நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1990களில் பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் அரிதாயிற்று. குடாநாட்டின் நாளிதழ்கள் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளிலும் அச்சிடப்பட்டன. பக்கங்கள் சுருங்கின, எழுத்துகள் மங்கின. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அந்நாள்களில் எவரும் வாசகரை அழைக்க வேண்டியிருக்கவில்லை. வாசகரே பத்திரிகையைத் தேடி வந்தனர். தேவையும் நம்பிக்கையும் உள்ளவிடத்து அழைப்புக் கருவி இரண்டாமிடமே பெறும் என்பதை இக்காலம் உணர்த்துகின்றது.

உலாவியின் வழி

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். வாசகன் தளத்துக்கு வரும்வரை இணையத்தளம் காத்திருக்க வேண்டியதாயிருந்தது. இக்குறையைப் போக்க எழுந்ததே உலாவி அறிவித்தல். 2015 ஏப்ரலில் கூகிள் நிறுவனத்தின் குரோம் உலாவியும், 2016 ஜனவரியில் பயர்பொக்ஸ் உலாவியும் இவ்வசதியை ஏற்றன. ஐபோனில் இணையத்தளங்களுக்கு இவ்வழி திறந்தது 2023 மார்ச்சிலாகும். அதன் இயக்கம் எளிது. அறிவித்தல் அனுப்பலாமா எனத் தளம் கேட்கும். வாசகன் இசைந்தால், அவனது உலாவிக்குரிய முகவரி ஒன்று தளத்துக்குக் கிடைக்கும். தளம் விடுக்கும் செய்தி உலாவி நிறுவனத்தின் வழங்கி ஊடாகச் சென்று, தளம் திறந்திராத வேளையிலும் வாசகனின் கைத்தொலைபேசியில் தோன்றும். பெயரோ மின்னஞ்சல் முகவரியோ தரவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுதளம் ஒன்று ரொறன்ரோவில் வாழும் ஊரவருக்கு ஒரு கணத்தில் மரண அறிவித்தலைச் சேர்ப்பிக்க இதனால் இயலும். அச்சுப் பத்திரிகை கனவிலும் காணாத வசதி இது.

ஆயின் இவ்வசதி விரைவிலேயே முரசாக மாறிற்று. பக்கம் திறந்தவுடன், ஒரு வரியேனும் வாசிக்குமுன், தளங்கள் இசைவு கேட்டன. அத்தகைய வேண்டுகைகளுள் ஏறத்தாழ 99 சதவீதம் ஏற்கப்படவில்லை என பயர்பொக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லா 2019 இல் அறிவித்தது. 2020 இன் தொடக்கத்தில் பயர்பொக்ஸ், வாசகன் பக்கத்தில் எதனையேனும் அழுத்தாதவிடத்து அவ்வேண்டுகையைத் தோன்றாது தடுத்தது. குரோம் அதனை அடக்கிக் காட்டும் முறையைப் புகுத்தியது. ஒருமுறை மறுத்த வாசகனிடம் தளம் மீண்டும் கேட்க இயலாது. அவனே அமைப்பை மாற்றினாலன்றி அக்கதவு திறவாது. அவசரமாகக் கேட்ட தளம் இவ்வாறு நிலையாக ஒரு வாசகனை இழக்கின்றது.

பிறிதொரு வேறுபாடும் உண்டு. பழைய பத்திரிகையின் சந்தாப் பதிவேடு ஆசிரியரின் மேசையில் இருந்தது. உலாவி அறிவித்தலுக்கான இசைவோ தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. தளம் தன் இணைய முகவரியை மாற்றின் அதுகாறும் பெற்ற இசைவுகள் அதனோடு செல்லா. எரிந்த அலுவலகத்திலிருந்து ஈழநாடு மீண்டதுபோல் மீள்வதற்கு, வாசகர் அத்தளத்தின் பெயரை நினைவிற்கொண்டு தாமே தேடிவரல் வேண்டும். அந்நினைவை எந்தக் கருவியும் ஆக்கித் தராது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. யாழ்ப்பாணப் பத்திரிகை வரலாற்றில் வாசகரைப் பெருக்கியவை பள்ளியும் சபையும், இளைஞனுக்கு அளித்த எழுத்திடமும், அயலூர்ச் செய்தியும், ஆசிரியரின் நடையுமேயாம். அழைப்பு இவற்றின் பின் வந்தது. உலாவி அறிவித்தலும் இவ்விதிக்கு விலக்கன்று. கட்டுரையொன்றை வாசித்து முடித்தவனிடம், இன்ன பொருள் பற்றிய செய்தி வேண்டுமா எனக் கேட்கும் தளம் இசைவு பெறும். ஊருக்கு உண்மையில் வேண்டிய செய்திக்கு மட்டும் அழைக்கும் தளம் அவ்விசைவைக் காக்கும். நாளுக்குப் பத்துமுறை பரபரப்புத் தலைப்புகளை அனுப்பும் தளம், மரண அறிவித்தலை அனுப்பும் நாளிலும் வாசிக்கப்படாது போகும். முரசுக்கு அரசாணை துணைநின்றது. பத்திரிகைக்கும் இணையத்தளத்திற்கும் வாசகனின் இசைவையன்றி வேறு துணை இல்லை.