மருந்து இலவசம், வழி இலவசமில்லை

சுரக்குடி, காரைக்கால் மாவட்டத்தில் ஒரு கிராமம். காரைக்கால் புதுச்சேரியின் துண்டு நிலம். கடற்கரையை விட்டால் சுற்றிலும் தமிழ்நாடு. இங்கிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். சொந்தத் தலைநகருக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் கடக்கணும். பஸ் ஓடுகிற காலத்தில் இது யாருக்கும் உறைப்பதில்லை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது உறைத்தது.

சரி, புற்றுநோய்க்கு ஏன் அவ்வளவு தூரம்? 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே வருஷம் நவம்பர் 1-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் ஜிப்மர். 1964-ல் அந்தப் பெயரைப் பெற்றது. கதிர்வீச்சுக் கருவி விலை அதிகம், அதை இயக்கத் தனிப்பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அதனால் சிகிச்சை இப்படிச் சில நகரங்களில் குவிந்தது. மருத்துவமனைக் கணக்கில் அது சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்கான விலையைக் கொடுத்தவர் நோயாளி.

எப்படின்னா, வழக்கமான கதிர்வீச்சு வாரம் 5 நாள், பல வாரங்களுக்கு நீளும். கூட ஒருத்தர் இருக்கணும். இரண்டு பேர் கூலி போச்சு. சாப்பாடு, தங்கும் இடம், பஸ் காசு வேறு. காப்பீட்டு அட்டை மருத்துவமனைப் பில்லைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் செலவு எந்தப் பில்லிலும் வராது.

ஊரடங்கில் பஸ்ஸும் நின்றது. புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, ரயிலே ஓடவில்லையே! மார்ச் கடைசியில் கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், 60 வயது தாண்டியவர், கார் வைக்கக் காசில்லாமல் மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஜிப்மருக்குக் கொண்டுபோனார். மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்து ஆம்புலன்ஸில் திருப்பி அனுப்பினார்கள். செய்தித்தாள்கள் அதை அன்பின் கதையாக எழுதின. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு செலவுக் கணக்கும்கூட.

அந்தக் கணக்கின் முழு அளவு பிறகு தெரிந்தது. தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில், 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர்கள் 51,760 பேர். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 1,12,270. அதாவது 54 சதவீதம் சரிவு. கதிர்வீச்சு சிகிச்சையில் சரிவு 23 சதவீதம்தான். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களை மருத்துவமனைகள் ஓரளவு காப்பாற்றிக்கொண்டன என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. வாசலுக்கே வராதவர்களை யார் காப்பாற்றுவது? நோய் ஊரடங்குக்காகக் காத்திருக்காது. கட்டி வளர்ந்தபின் வருகிறவருக்குச் செலவும் அதிகம், பிழைக்கும் வாய்ப்பும் குறைவு.

ஒரு நல்லதும் நடந்தது. 2020 ஏப்ரலில் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு 3 வாரக் கதிர்வீச்சை ஒரே வாரத்தில் 5 தவணைகளாகக் கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை என்று 5 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் சொன்னது. பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகள் இதைக் கையில் எடுத்தன. மருத்துவமனைக்கு இது கருவி நேரம் மிச்சம். சுரக்குடிக்காரருக்கு இரண்டு வாரக் கூலி, இரண்டு வார அறை வாடகை மிச்சம்.

சிகிச்சையின் விலையை மருத்துவமனை வாசலிலிருந்து கணக்குப் போட்டால் இந்த மிச்சம் கண்ணில் படாது. நோயாளியின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கணும்.