தனியுரிமை

தனியுரிமைக்கு நமக்குப் பழகிய சொல் ‘அந்தரங்கம்’. வடமொழியில் அந்தர் என்றால் உள். அங்கம் என்றால் உறுப்பு. எதிர்ச்சொல் ‘பகிரங்கம்’, அதில் வரும் பகிர், வடமொழியில் வெளி என்று பொருள்படுவது. கைப்பேசியில் நாம் அழுத்தும் ‘பகிர்’ தனித் தமிழ் வினை. இரண்டுக்கும் வேர்த் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்தப் பொத்தானைத் தொட்டதும் அந்தரங்கம் பகிரங்கமாகிவிடுவது வேடிக்கைதான்.

‘தனியுரிமை’ பிற்காலக் கூட்டுச்சொல்: தனி + உரிமை. இதை ‘இரகசியம்’ என்று புரிந்துகொள்வது தவறு. உங்கள் கைப்பேசி எண் இரகசியமல்ல. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். துணிக்கடையில் ரசீது போடக் கொடுத்த அதே எண் கடன் விற்பவர் கைக்குப் போவதுதான் சிக்கல். எந்தத் தகவல், யாரிடம், எதற்காக என்பதை உரியவரே முடிவுசெய்வது தனியுரிமை.

இந்தியாவில் ஆதார் அடையாள எண் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அந்த வாதத்தை மறுத்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

‘தனியுரிம மென்பொருள்’ என்று எங்காவது படித்தால் குழம்ப வேண்டாம். அதில் வருவது ‘உரிமை’ அல்ல, ‘உரிமம்’; மூலநிரலை நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் மென்பொருளை அது குறிக்கும்.