பெலின்ஸ்கி இல்லத்தில் ஒரு மாலை

1845ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுது. ருஷ்யப் பேரரசின் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில், திறனாய்வாளர் பெலின்ஸ்கி தம் நெருங்கிய நண்பர்களை இல்லத்திற்கு அழைத்திருந்தார். இத்தகைய கூட்டங்கள் கூட்டுவது அவர் வழக்கமன்று. 24 வயது இளைஞர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த, இன்னும் முடிவு பெறாத நாவலின் சில அத்தியாயங்களையேனும் ஆசிரியர் வாயாலேயே கேட்டுவிட வேண்டுமென்று அவர் விரும்பினார். அந்த இளைஞர் தாஸ்தாயெவ்ஸ்கி, நாவல் 'இரட்டையன்'. மனம் இரண்டாகப் பிளவுறுவதைப் பொருளாகக் கொண்ட ஒரு நாவல், அச்சேறுமுன்னரே அறிஞர் குழுவொன்றின் முன் வைக்கப்பட்ட வரலாறு இது.

அந்த ஆண்டு மே மாதத்தில்தான் தாஸ்தாயெவ்ஸ்கியின் முதல் நாவலான 'ஏழை மக்கள்' கையெழுத்துப் படியாகப் பெலின்ஸ்கியின் கைக்குச் சென்றிருந்தது. அவர் மனமுவந்து பாராட்டினார். ஒரே நாளில் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர் அடுத்து என்ன தரப்போகிறார் என்பதே அன்று கூடியிருந்தோர் எதிர்பார்ப்பு.

புதிய கதையின் தலைவன் கோலியாத்கின் ஓர் அரசு ஊழியன். மகா பீட்டர் 1722இல் வகுத்த பதினான்கு படிகள் கொண்ட பதவி வரிசையில் ஒன்பதாம் படியில் நிற்பவன். பெரிய மனிதர் ஒருவரின் மகளது பிறந்தநாள் விருந்தில் அழைப்பின்றி நுழைந்து வெளியேற்றப்படுகிறான். அன்றிரவு பனி வீசும் தெருவில் தன்னையே ஒத்த ஒருவனைச் சந்திக்கிறான். மறுநாள் அலுவலகத்தில் அந்த மற்றவன், அதே பெயருடன், அவனுக்கு எதிரே அமர்ந்திருக்கிறான்! பின்னர் ஒரு நாள், கோலியாத்கின் எழுதி முடித்த தாளில் மைக்கறை இருப்பதாகச் சொல்லி, சுரண்டித் தருவதுபோல் வாங்கி, மேலதிகாரியிடம் தன் வேலையாகவே கொண்டு கொடுத்துவிடுகிறான். இருபதாண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்ந்துவரும் எனக்கு, நள்ளிரவுத் தெருக் காட்சியைவிட இந்த மைக்கறைக் காட்சியே அதிக அச்சம் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாலையைப் பற்றிக் கேட்டவர் சிலர் எழுதிவைத்துள்ளனர். பெலின்ஸ்கி ஆசிரியருக்கு எதிரே அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் ஆவலோடு பருகினார் என்றும், இத்துணை நுட்பமான மனவியல் நுணுக்கங்களை எட்ட வேறெவராலும் இயலாது என்று மீண்டும் மீண்டும் வியந்தார் என்றும் கிரிகோரோவிச் குறிக்கிறார். துர்கனேவ் பாதிவரை கேட்டார், பாராட்டினார், அவசர வேலையாகப் புறப்பட்டுவிட்டார். (இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.) அன்னென்கோவ் தரும் குறிப்புத்தான் என் சிந்தனையைத் தூண்டியது. பெலின்ஸ்கி பாராட்டியபோதே, உடனே சொல்ல விரும்பாத வேறோர் எண்ணமும் அவர் உள்ளத்தில் இருந்ததாகத் தமக்குத் தோன்றியது என்கிறார் அவர்.

அந்த எண்ணம் வெளிப்பட நெடுநாள் ஆகவில்லை. 1846 பிப்ரவரியில் நாவல் முழுமையாக இதழில் வெளிவந்ததும், 'நீளம், சலிப்பு' என்ற குரலே எங்கும் எழுந்தது. பெலின்ஸ்கியும் நீளத்தைக் குறை கூறினார். 1847இல் கதையின் மாய அம்சத்தையே கடுமையாகச் சாடினார். தம் குழுவினரே நாவலில் மனநிறைவு கொள்ளவில்லை என்றும், அத்துயரால் தாம் நோயுற்றதாகவும் தாஸ்தாயெவ்ஸ்கி தமையனாருக்கு எழுதினார்.

பெலின்ஸ்கி நேர்மையற்றவர் என்று நான் கருதவில்லை. அம்மாலையில் அவர் கேட்டது மூன்று நான்கு அத்தியாயங்கள். அச்சில் படித்ததோ முழு நாவல். கோலியாத்கின் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தடுமாறுபவன். ஆசிரியரின் குரலில் கேட்கையில் அது நோயுற்ற மனத்தின் பேச்சாக ஒலித்திருக்கும். தாளில் அதுவே எழுத்தாளரின் குறையாகத் தெரிந்திருக்கும். ஆயினும், அன்றே அந்த எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நாவலை முடிக்க இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆசிரியர் கையில் இருந்தன.

திருத்தி எழுதும் எண்ணம் தாஸ்தாயெவ்ஸ்கியை விட்டு அகலவில்லை. இடையே காலம் வேறுவிதமாகத் திரும்பியது. பெலின்ஸ்கி 1848இல் மறைந்தார். அவர் கோகோலுக்கு எழுதிய கடிதத்தை 1849 ஏப்ரலில் வேறொரு கூட்டத்தில் படித்துக் காட்டியதும் ஒரு குற்றமாகி, தாஸ்தாயெவ்ஸ்கிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்களத்தில் நிறுத்தப்பட்ட பின்னரே அது சைபீரியக் கடுங்காவலாக மாறிற்று. திருத்திய பதிப்பு 1866இல்தான் வெளிவந்தது.

1877இல், தம் 56ஆம் வயதில், அவர் அம்மாலையை நினைவுகூர்ந்தார். அந்நாவலின் வடிவம் தமக்குக் கைகூடவில்லை. ஆனால் அதைவிடக் கனமான கருத்தைத் தாம் இலக்கியத்திற்கு அளித்ததில்லை என்றார். அதோடு, அந்நாவல் வழியாக ருஷ்ய இலக்கியத்திற்கு ஒரு புதுச்சொல் தந்ததாகப் பெருமை கொண்டார். 'ஸ்துஷெவாத்ஸ்யா' என்பது அச்சொல். பிறர் அறியாமல் மெல்ல மெல்ல மங்கி மறைதல் என்பது பொருள். பொறியியல் பள்ளியில் வரைபடங்களுக்கு மை தீட்டும்போது, கருமையைச் சிறிது சிறிதாக வெளுக்கச் செய்து வெண்மையில் கரைப்பார்கள். அந்த மாணவர் பேச்சிலிருந்து வந்த சொல் அது. கோலியாத்கினுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? படிக்கும்போது அச்சொல்லின் பொருளை எவரும் கேட்கவில்லையாம். பெலின்ஸ்கி இடைமறித்து அதனைப் பாராட்டினார். துர்கனேவும் பாராட்டினார்; இப்போது அவர் அதை மறந்திருப்பார் என்று தாஸ்தாயெவ்ஸ்கி சேர்த்து எழுதுகிறார்.