விலங்கு பின்வாங்கும் இடம்: வன்முறை, பேராசை ஆகியவற்றின் தோற்றுவாய் குறித்து

மனிதரின் வன்முறைக்கும் பேராசைக்கும் வேர் சமயத்தில் இருக்கிறதா, விலங்கினத்திலிருந்து வழிவழியாக வந்த இயல்பூக்கத்தில் இருக்கிறதா என்னும் வினா பழையது. இயல்பூக்கம் என்பது யாரும் கற்பிக்காமலே ஓர் உயிரினத்திடம் பிறப்பிலேயே அமைந்து, தக்க தூண்டுதல் கிடைத்ததும் வெளிப்படும் நடத்தைப் போக்கு. அரசு என்னும் கட்டு இல்லாத மனிதன் அயலானை அஞ்சியும் தாக்கியுமே வாழ்வான் என்று 1651இல் தாமஸ் ஹாப்ஸ் எழுதினார். உடைமை தோன்றிய பிறகே கேடுகள் பெருகின என்று 1755இல் ரூசோ மறுத்தார். தாக்கும் உணர்வு பசியைப்போல உள்ளே ஊறிப் பெருகுவது என்று 1963இல் விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லாரென்ஸ் வாதிட்டார். மறுபுறம், சமயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் சிலுவைப் போர்களைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். வன்முறை என்பது ஒரே பொருள், அதற்கு ஊற்றுக்கண்ணும் ஒன்றே என்று கொள்வதில் இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. விலங்கியல்பு எந்த இடத்தில் பின்வாங்கச் சொல்கிறதோ அந்த இடத்தைத் தாண்டி மனிதனை நடத்திச் செல்வதே சமயத்தின் பங்கு என்பதும், அவனை அந்த இடம்வரை கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் கடனும் ஒப்பந்தமும் சேமிப்புமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விலங்கு பசித்தால் மட்டுமே கொல்லும் என்ற நம்பிக்கையை முதலில் களைய வேண்டியிருக்கிறது. அனுமனின் வடிவமாக மக்கள் கையெடுத்துக் கும்பிடும் கருமுக மந்திகளிடையே, வெளியிலிருந்து வரும் ஆண் குரங்கு கூட்டத்தைக் கைப்பற்றியதும் பால்குடிக் குட்டிகளைக் கொல்வதைத் தார்வாட்டில் யுகிமாரு சுகியாமாவும், பின்னர் அபு மலையில் சாரா ஹெர்டியும் பதிவுசெய்தனர். தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடாலின் ஆய்வுக் குழு கண்டது இதைவிடக் கடுமையானது. ஒரே கூட்டமாக இருந்து பிரிந்த சிம்பன்சிகளில், வடபகுதியைச் சேர்ந்தவை 1974 முதல் 1978 வரை தென்பகுதிக் கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாக வேட்டையாடித் தீர்த்தன. முதலில் சிக்கியது கோடி என்று ஆய்வாளர் பெயரிட்டிருந்த ஆண். அது மரத்தில் தனித்திருந்து தின்றுகொண்டிருக்கையில் வந்து சூழ்ந்தவற்றுள் ஒன்று காலைப் பற்றித் தரையில் வீழ்த்தி அதன்மேல் அமுக்கி உட்கார்ந்துகொள்ள, ஏனையவை பத்து நிமிடம்போலக் கடித்தும் குத்தியும் விட்டுச் சென்றன. ஆய்வாளர்கள் வாழைப்பழம் இட்டுப் பழக்கியதன் விளைவே இது என்று எழுந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் தரவுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வு, மனிதத் தலையீட்டின் அளவுக்கும் கொலைகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை என்று காட்டியது. உகாண்டாவின் நகோகோ கூட்டம் பத்தாண்டுகளில் 21 அயற்கூட்டத்தாரைக் கொன்று, பின்பு தன் நிலப்பரப்பை 22 விழுக்காடு விரித்துக்கொண்டது. கோயிலும் வேதமும் இல்லாமலே படையெடுப்பு நடந்திருக்கிறது.

எனினும் இச்சான்றுகளை ஊன்றிப் பார்த்தால் அவற்றுள் ஒரு கணக்கு புலப்படும். பலர் கூடி ஒருவனைத் தனியே காணும்போதே சிம்பன்சிகள் தாக்குகின்றன. எதிரில் இருப்போர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமானால் கூச்சலிட்டுவிட்டுக் கலைகின்றன. ரிச்சர்ட் ராங்காம் முன்வைத்த வலிமைச் சமனின்மைக் கொள்கை, அதாவது தாக்குவோருக்கு இழப்பு வராது என்னும் நிலையிலேயே கூட்டுக்கொலை நிகழும் என்ற விளக்கம், இதனையே கூறுகிறது. மேலும், சிம்பன்சிக்கு நிகராக மனிதனுக்கு நெருங்கிய உறவான பொனோபோக்களிடம் மேற்சொன்ன 2014 ஆய்வு கண்டது ஐயத்துக்குரிய ஒரே ஒரு கொலைதான். எனவே பரம்பரையைச் சுட்டி மட்டும் மனிதனைச் சிம்பன்சியின் பக்கம் தள்ளிவிட இயலாது. 1,024 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, மனிதனின் மரபுவழியை வைத்து எதிர்பார்க்கத்தக்க கொலைச்சாவு மொத்தச் சாவுகளில் ஏறத்தாழ 2 விழுக்காடு என்று கணித்தபோதும், வரலாற்றுக் காலங்களில் அவ்விகிதம் அதனினும் பன்மடங்கு ஏறியும் வெகுவாக இறங்கியும் வந்திருப்பதை உடன் குறிப்பிட்டது. மாறாத இயல்பூக்கம் மாறும் விகிதத்துக்குக் காரணமாக முடியாது என்பது எளிய தருக்கம்.

பேராசையின் செய்தி இதனினும் சிக்கலானது. கோழிக்கூண்டில் புகுந்த நரி தின்னக்கூடியதைவிட மிகுதியாகக் கொல்கிறது. அணில் வகைகள் கொட்டைகளைப் புதைத்து வைக்கின்றன. ஆயினும் அணிலின் சேமிப்புக்குக் குளிர்காலம் எல்லையாகிறது, அடுத்த அணிலின் குவியல் தன்னுடையதைவிடப் பெரிதா என்ற கவலையும் அதற்கு இல்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களைப் போன்று, கிடைத்ததை அன்றன்றே பகிர்ந்துண்ணும் வேட்டைச் சமூகங்களில் குவித்து வைப்பதற்கு இடமே இல்லை என்று மானிடவியலாளர் ஜேம்ஸ் உட்பர்ன் 1982இல் விளக்கினார். கெடாமல் காக்கக்கூடிய தானியமும் பின்னர் நாணயமும் வந்த பிறகே ஆசைக்கு வயிறு என்னும் அளவுகோல் அற்றுப்போனது. திருக்குறளின் அதிகார வைப்பில் வெஃகாமை, அதாவது பிறர் பொருளை விரும்பாமை, அழுக்காறாமையை அடுத்து நிற்பதும் இங்கு எண்ணத்தக்கது. பொறாமைக்குப் பின் வைக்கப்பட்ட அந்த ஆசை பசியின் நீட்சியாக அன்றி ஒப்பீட்டின் விளைவாகவே தோன்றுகிறது.

இவை அனைத்தும் ஒருங்கே வந்து கூடிய நிகழ்வாக நான்காம் சிலுவைப் போரைக் கொள்ளலாம். எருசலேமை மீட்கப் புறப்படும் 33,500 பேரைக் கடல் கடத்த 85,000 வெள்ளி மார்க் தருவதாக 1201இல் பிரஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் வெனிஸ் நகரோடு உடன்படிக்கை செய்தனர். வெனிஸ் தன் வாணிகத்தை நிறுத்திவைத்துக் கப்பல் கட்டியது. ஆனால் 1202இல் வந்து சேர்ந்தவர்கள் மூன்றிலொரு பங்கினரே என்பதால் 34,000 மார்க் பாக்கி விழுந்தது. அந்தக் கடனுக்குத் தவணை கேட்டவர்களிடம், ஸாரா என்னும் கிறித்தவத் துறைமுகத்தைப் பிடித்துத் தருமாறு வெனிசின் முதிய தலைவர் என்ரிக்கோ தந்தோலோ வழிகாட்டினார். அதன்பின், நாடிழந்த பைசாந்தியப் பட்டத்து இளவரசன் ஒருவன் தன்னை அரியணையில் ஏற்றினால் 200,000 மார்க் தருவதாக வாக்களிக்கவே, படை எருசலேமை மறந்து பைசாந்தியத் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளை நோக்கித் திரும்பியது. இதுவரையிலான ஒவ்வொரு திருப்பத்திலும் காரணமாக நிற்பது ஒரு கணக்கேடு. இயல்பூக்கமும் விசுவாசமும் அந்த ஏட்டின் ஓரத்தில் நிற்கின்றன.

அரியணை ஏறிய அவ்விளவரசனின் வாக்குறுதி பொய்த்து, அவனும் கொலையுண்டு, படைக்கும் நகருக்கும் பகை முற்றியபோது, 1204 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இன்னும் பிடிபடாத நகரின் கொள்ளைப் பொருளில் கடன் தீரும்வரை வெனிசுக்கு முக்கால், மற்றவர்க்குக் கால், மீதியைச் சரிபாதி என்பதும், புதிய பேரரசனைத் தேர்வதற்குத் தரப்புக்கு ஆறு பேர் என்பதும் அதில் அடங்கும். ஏப்ரல் 9இல் நடந்த முதல் தாக்குதல் தோற்றது. சிம்பன்சிக் கூட்டமாயின் அன்றே கலைந்திருக்கும். படையினரும் தம் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை இது என்று மனம் தளர்ந்தனர். ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை ஆயர்கள் பாசறையெங்கும் மறையுரை ஆற்றினர்: நகரத்தாரான கிரேக்கர் உரோமைத் திருச்சபைக்கு அடங்காதவர், தம் அரசனைக் கொன்றவர், அவர்களைத் தாக்குவது பாவமன்று, அறமே. வீரர்கள் பாவ அறிக்கை செய்து நற்கருணை பெற்றனர், விலைமாதர் கப்பலேற்றி அப்புறப்படுத்தப்பட்டனர், மறுநாள் மதில் ஏறினர். நகரம் மூன்று நாள் சூறையாடப்பட்டது.

சமயம் இங்கே செய்த வேலையை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் வரையறுக்க வேண்டும். பகையை அது உண்டாக்கவில்லை, இலக்கையும் அது தேர்ந்தெடுக்கவில்லை. இழப்பை எண்ணிப் பின்வாங்கும் விலங்கின் கணக்கையும், தவறு செய்கிறோமோ என்று தயங்கும் மனச்சான்றையும் ஒரே உரையில் அடக்கியது. கொள்ளைப் பொருளை ஒளிக்காமல் மூன்று தேவாலயங்களில் குவிக்க வேண்டும், மீறினால் திருச்சபை விலக்கு என்று ஆணையிட்டபோது அது பேராசைக்குக் காவற்காரனாகவும் நின்றது. பொருளை மறைத்த தன் வீரன் ஒருவனைச் சேன்-போல் கோமகன் கழுத்தில் கேடயத்தோடு தூக்கிலிட்ட செய்தியைப் படையோடு சென்ற வில்லார்துவென் பதிவுசெய்திருக்கிறார்.

ஆனால் அதே சமயமே தடையாகவும் எழுந்தது. ஸாராவின் மதிலுக்கு வெளியே வோ துறவுமடத்தின் தலைவர் கீ, போப்பாண்டவரின் பெயரால் தாக்குதலைத் தடுத்து எழுந்து நின்றார். சீமோன் தெ மோன்ஃபோர் அவர் பக்கம் நின்று, பிறகு படையை விட்டே விலகிச் சென்றார். இதே சீமோன்தான் 1209 முதல் தென் பிரான்சில் கதாரியர் என்னும் மாற்றுக் கிறித்தவப் பிரிவினருக்கு எதிரான கொடிய போரில் தலைமை ஏற்றவர் என்பதால், மனச்சான்றைக் கொண்டு ஒருவரின் வாழ்வு முழுவதையும் அளந்துவிட இயலாது. சமயத்தை நீக்கிவிட்டால் வன்முறை வற்றிவிடும் என்று கருதுவோர்க்குக் கம்போடியா விடை தருகிறது: 1975 முதல் 1979 வரை பௌத்தத்தை ஒழித்து, பணத்தையும் சந்தையையும்கூட ஒழித்த ஆட்சியின்கீழ் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறையுரையின் இடத்தை அங்கே கட்சியின் ஆணை எடுத்துக்கொண்டது. தயக்கத்தை அடக்கும் அந்த இருக்கை காலியாகக் கிடக்கவில்லை.

நான்காம் சிலுவைப் போருக்கே திரும்பினால், போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் ஸாராவைத் தாக்கியவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கியவர். கொன்ஸ்தாந்திநோபிளில் நடந்த கொடுமைகளை அறிந்தபின் 1205இல் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். அதே ஆண்டில், அந்நகரின் மறைமுதல்வராக வெனிசியர் தேர்ந்தெடுத்த தாமஸ் மொரொசினியின் தேர்தல் செல்லாது என்று அறிவித்துவிட்டு, அதே மொரொசினியைத் தம் சொந்த அதிகாரத்தால் அப்பதவியில் அமர்த்தினார்.