வான்கோ வரைந்தது எந்தப் பூச்சி?

1889 மே மாதம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், மண்டையோட்டுப் பூச்சி எனப்படும் பெரிய இராப்பூச்சி ஒன்றை வரைந்ததாகச் சொல்கிறார் வான்கோ. தெற்கு பிரான்சின் சேன் ரெமி மனநலக் காப்பகத்தில் அவர் சேர்ந்தது அந்த மாதம் 8ஆம் தேதிதான். பழைய ஓவியப் பட்டியல்களிலும் அந்தப் பெயரே இருக்கிறது. வரைந்தவரே சொல்லிவிட்ட பிறகு யார் மறுப்பது?

மண்டையோட்டுப் பூச்சி பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். முன்சிறகு குறுகி நீண்டிருக்கும். கழுத்துக்குக் கீழே மண்டையோடு போல ஒரு குறி. (இதன் ஆசியப் பங்காளியின் புழுவை நம் எள் வயல்களிலேயே பார்க்கலாம்: விரல் பருமன், வால்பக்கம் ஒரு கொம்பு.) ஓவியத்தில் இருப்பதோ அகலச் சிறகுகள், சிறகுக்கு ஒன்றாக நான்கு கண்பொட்டுகள்.

ஓவியர் கைச்சரக்கு என்று இதைத் தள்ளிவிட இடமுண்டு. ஆகவே மறுபடி கடிதத்துக்கே போனேன். நிறங்களை அடுக்குகிறார்: கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஆங்காங்கே செம்மை, லேசான ஆலிவ் பச்சை. மஞ்சள் மட்டும் இல்லை. மண்டையோட்டுப் பூச்சிக்குப் பின்சிறகும் மஞ்சள், வயிறும் மஞ்சள். முந்தின ஆண்டுதான் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்து தள்ளியவர் அவர். அவர் கண்ணுக்கா மஞ்சள் தப்பும்? பூச்சி சிறகை மடக்கி உட்கார்ந்தால் மஞ்சள் மறைந்துவிடும் என்பது சரி. ஆனால் படத்தில் பின்சிறகுகள் விரிந்தே இருக்கின்றன.

நான்கு கண்பொட்டுகளும் அந்த நிறங்களும் ஐரோப்பாவின் மிகப் பெரிய அந்துப்பூச்சியான பெருமயில் பூச்சிக்குப் பொருந்துகின்றன. நம் டஸ்ஸார் பட்டுப்பூச்சியின் குடும்பம் அது. மாதமும் இடமும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க பூச்சியியலாளர் ழான் ஹென்றி ஃபாப்ரின் பூச்சி நினைவுகளைப் புரட்டினேன். சேன் ரெமி இருக்கும் அதே புரொவான்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்தவர். ஒரு மே மாதக் காலையில் அவர் வீட்டில் ஒரு பெண்பூச்சி கூட்டை உடைத்து வெளிவருகிறது. அன்றிரவே நாற்பது ஆண்பூச்சிகள் அதைத் தேடி வந்துவிடுகின்றன. புழு பாதாம் இலை தின்னும் என்றும் எழுதியிருக்கிறார். சேன் ரெமியில் பாதாமுக்குப் பஞ்சமில்லை. 1890 பிப்ரவரியில் வான்கோ பூத்த பாதாம் கிளைகளை வரைந்ததும் அங்கேதான்.

இரண்டின் வாழ்க்கையும் நேரெதிர். மண்டையோட்டுப் பூச்சி ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வரும். தேன்கூட்டுக்குள் புகுந்து, குட்டையான தடித்த உறிஞ்சுகுழலால் தேன் திருடும். பெருமயில் பூச்சிக்கு உண்ண வாயே கிடையாது. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பில் சில நாள் பறந்து, இணைசேர்ந்து, செத்துப்போகும். வண்ணம் தீட்டுவதென்றால் பூச்சியைக் கொல்ல வேண்டியிருக்கும், இத்தனை அழகானதைக் கொல்ல மனமில்லை என்று வான்கோ அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார்.

ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் இப்போது படத்துக்குப் பெருமயில் பூச்சி என்றே பெயரிட்டிருக்கிறது. பழைய பெயர் இன்னும் பல புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால், படத்தைத் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.